சோட்டோ ஒருவரா, ஃப்ரீடும் மற்ற மூவருமா? யாங்கீஸும் மெட்ஸும் பிரிந்த பாதை

2024 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மேடையில் இருந்த செல்போன் அதிர்ந்தது. குவீன்ஸில் இருக்கும் என் மனைவியின் தம்பி. "மாமா, நியூஸ் பார்த்தீங்களா? சோட்டோ எங்களுக்கு!"

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு செய்தியைத் தேடினேன். பேஸ்பால் வீரர் ஹுவான் சோட்டோ, நியூயார்க் மெட்ஸ் அணி, 15 ஆண்டு, 76.5 கோடி டாலர். விளையாட்டு உலகில் அதுவரை யாரும் போடாத ஒப்பந்தம். அதே ஊரின் எங்கள் யாங்கீஸ் அணி 16 ஆண்டுக்கு 76 கோடி வரை போனதாகவும், அதற்கு மேல் ஏறவில்லை என்றும் செய்திகள் சொல்லின. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏழு வாரம் முன்புதான், எங்களுக்கு ஆடிக்கொண்டிருந்த அந்த ஆள் எங்களை உலகத் தொடருக்கு, அதாவது சாம்பியனை முடிவு செய்யும் இறுதித் தொடருக்கு, கூட்டிப் போயிருந்தார்.

அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் இந்த ஒரே பேச்சுதான். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நிற்கும்போது கூட இதுவே. ஒரு சூப்பர் ஸ்டாரிடம் எல்லாப் பணத்தையும் போடுவதா, அதைப் பிரித்து நாலைந்து இடத்தை அடைப்பதா? ஒரே ஊரில், ஒரே வாரத்தில், இரண்டு அணிகள் இரண்டு வழியில் போயின. இவ்வளவு அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு பேஸ்பாலில் அடிக்கடி அமையாது.

கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒரு விளக்கம். ஐபிஎல் போல இங்கே ஏலமும் இல்லை, ஒரு அணி இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற உச்சவரம்பும் இல்லை. மேஜர் லீகில், அதாவது இங்குள்ள தலைமை பேஸ்பால் லீகில், ஆறு ஆண்டு ஆடி முடித்த வீரர் ஃப்ரீ ஏஜென்ட். பிடித்த அணியுடன் பிடித்த தொகைக்குக் கையெழுத்துப் போடலாம். அணிகளைக் கட்டுப்படுத்துவது ஆடம்பர வரி. 2025-இல் மொத்தச் சம்பளம் 24.1 கோடி டாலரைத் தாண்டினால் வரி தொடங்கியது. 30.1 கோடியைத் தாண்டினால், மெட்ஸ், யாங்கீஸ் மாதிரி வருடா வருடம் எல்லை தாண்டும் அணிகள் மேற்கொண்டு செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 1.10 டாலர் வரி கட்ட வேண்டியிருந்தது. அதாவது, அந்த உயரத்தில் ஒருவரை வாங்கினால் விலை இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேல்.

சரி, சோட்டோவிடம் அப்படி என்ன இருக்கிறது?

எண்களை விட ஒரு காட்சியைச் சொல்கிறேன். 2024 அக்டோபர் 19, கிளீவ்லாண்ட், அமெரிக்கன் லீக் (மேஜர் லீகின் இரண்டு பிரிவில் ஒன்று) இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம். பத்தாவது இன்னிங்ஸ், 2-2 சமநிலை, இரண்டு அவுட், பேஸில் இரண்டு பேர். பந்து வீசும் பிட்சர் ஹண்டர் காடிஸ். ஒரு பால் (தப்பான பந்து), இரண்டு ஸ்ட்ரைக்; மூன்று ஸ்ட்ரைக் என்றால் மட்டைக்காரர் அவுட். இன்னொரு ஸ்ட்ரைக் விழுந்தால் இன்னிங்ஸ் காலி. சோட்டோ அடுத்தடுத்த பந்துகளைத் தட்டித் தட்டி ஃபவுல் ஆக்கினார், அதாவது கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டு அவுட் ஆகாமல் நின்றார். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு பிட்சரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், "இது இல்லை, இது இல்லை" என்று சொல்வது போல. ஏழாவது பந்து, உயரமாக ஒரு ஃபாஸ்ட்பால். வலது-மைய வேலிக்கு மேலே போனது, ஹோம் ரன். மூன்று ரன். 5-2. பதினைந்து வருடம் கழித்து யாங்கீஸ் உலகத் தொடரில்.

வேண்டாத பந்தைத் தொடாமல் இருக்கும் அந்தப் பொறுமைக்குத்தான் 76 கோடி. 2024-இல் அவர் 41 ஹோம் ரன் அடித்தார். அதோடு 129 முறை வாக் வாங்கினார், அதாவது நான்கு தப்பான பந்தை விட்டுவிட்டு நடந்தே முதல் பேஸுக்குப் போனார். நூறு தடவை மட்டை பிடித்தால் நாற்பத்திரண்டு தடவை பேஸில் இருந்தார். அவருக்கு அடுத்து மட்டை பிடிக்க எங்கள் நட்சத்திரம் ஆரன் ஜட்ஜ். பிட்சர்களுக்கு ஒதுங்க இடமே இல்லை. அப்போது சோட்டோவுக்கு வயது 26. இந்த வயதில் இப்படி ஒருவர் சந்தைக்கு வருவதே அபூர்வம். பெரும்பாலும் 29, 30 வயதில் வருவார்கள், அணிகள் அவர்களின் இறங்குமுகத்துக்குச் சேர்த்துப் பணம் கொடுக்கும்.

என் மைத்துனர் இதையெல்லாம் சொல்லித்தான் வாதாடுவார். இதில் ஒன்றைக்கூட நான் மறுப்பதில்லை.

இப்போது இந்தப் பக்கம். சோட்டோ போன இரண்டாவது நாளே யாங்கீஸ் மேக்ஸ் ஃப்ரீடை எடுத்தார்கள். அட்லாண்டாவின் இடதுகை பிட்சர், 8 ஆண்டு, 21.8 கோடி. அந்த வாரமே மில்வாக்கியிடமிருந்து க்ளோசர் (ஆட்டத்தைக் கடைசியில் முடித்துத் தரும் பிட்சர்) டெவின் வில்லியம்ஸ். பதிலுக்கு நெஸ்டர் கோர்டெஸும் கேலப் டர்பின் என்ற இளம் வீரரும் போனார்கள். அப்புறம் சிகாகோ கப்ஸிடமிருந்து கோடி (Cody) பெலிஞ்சர். கொடுத்தது கோடி போட்டீட் என்ற ஒரே ஒரு பிட்சரை. பெலிஞ்சரின் அப்பா கிளே பெலிஞ்சர் 1999, 2000 யாங்கீஸ் சாம்பியன் அணிகளில் இருந்தவர். கடைசியாக முதல் பேஸுக்கு பால் கோல்ட்ஷ்மிட், ஒரு வருடத்துக்கு 1.25 கோடி.

"சோட்டோ காசில் நாலு பேரை வாங்கினோம்" என்று எங்கள் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்து கணக்குப் போட்டபோது அது சரியில்லை என்று தெரிந்தது. சோட்டோவுக்கு வருடத்துக்கு 5.1 கோடி. ஃப்ரீடுக்குச் சராசரியாக 2.725 கோடி, பெலிஞ்சருக்கு 2.75 கோடி, கோல்ட்ஷ்மிட்டுக்கு 1.25, வில்லியம்ஸுக்கு 0.86. கூட்டினால் ஏறத்தாழ 7.6 கோடி. கப்ஸ் பெலிஞ்சருக்காகக் கொஞ்சம் பணம் தந்தார்கள், அதைக் கழித்தாலும் 2025-இல் நாலு பேருக்குச் சோட்டோவை விட அதிகம்தான் செலவானது. மிச்சம் ஆனது வருடங்களில். சோட்டோவின் ஒப்பந்தம் 2039 வரை. இந்த நாலு பேரில் ஃப்ரீட் மட்டும் 2032 வரை; மற்ற மூவரும் ஒன்றிரண்டு வருடத்தில் முடிகிறவர்கள்.

ஆகவே இரண்டு வழிக்கும் நடுவில் இருக்கும் பேரம் இதுதான்: மெட்ஸ் தூரத்து வருடங்களை அடகு வைத்து ஒரு உறுதியான மட்டையை வாங்கினார்கள். யாங்கீஸ் தூரத்து வருடங்களைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து வருடங்களில் தாராளமாகச் செலவு செய்தார்கள்.

2025 எப்படிப் போனது?

யாங்கீஸ் 2024-இல் சோட்டோவுடன் 94 வெற்றி, 68 தோல்வி. 2025-இல் சோட்டோ இல்லாமல் 94 வெற்றி, 68 தோல்வி. ஒரு ஆட்டம் கூட மாறவில்லை. 2024-இல் 815 ரன் எடுத்த அணி அடுத்த வருடம் 849 எடுத்தது, லீகிலேயே அதிகம். ஜட்ஜ் .331 சராசரியில் அடித்து 53 ஹோம் ரன்னுடன் எம்விபி, அதாவது லீகின் மிகச் சிறந்த வீரர், ஆனார். பெலிஞ்சர் 29 ஹோம் ரன், 98 ஆர்பிஐ (அவர் மட்டையால் அணிக்கு வந்த ரன்கள்). யாங்கீ ஸ்டேடியத்தின் வலது மூலை வெறும் 314 அடி. இடதுகை பேட்டருக்கு அல்வா மாதிரி. இதில் யாரும் எதிர்பார்க்காதவர் ட்ரென்ட் கிரிஷம். 2023 டிசம்பரில் சோட்டோவை சான் டியேகோவிடமிருந்து வாங்கும்போது கூடவே வந்தவர். அவர் 34 ஹோம் ரன் அடித்தார்.

மெட்ஸ் 2024-இல் 89 வெற்றி, லீக் இறுதி வரை. 2025-இல் சோட்டோவுடன் 83 வெற்றி, பிளேஆஃப் கிடையாது.

இதை வைத்து "சோட்டோ வீண்" என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். அவர் 43 ஹோம் ரன், 105 ஆர்பிஐ, 127 வாக். எப்போதும் மெதுவாக ஓடுகிறார் என்று திட்டு வாங்கியவர் 38 பேஸ் திருடினார், அதாவது யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்தார். கொடுத்த காசுக்கு வேலை செய்தார். மெட்ஸ் சரிந்தது வேறு இடத்தில். ஜூன் 12 அன்று 45-24, மொத்த லீகிலேயே முதலிடம். அதே நாள் கோடாய் செங்கா முதல் பேஸுக்கு ஓடி வந்து, உயரமாக வந்த பந்துக்கு எம்பிக் குதித்துத் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதன் பிறகு 38 வெற்றி, 55 தோல்வி. சோட்டோவுக்குப் பிறகு பிட்சிங்கில் அவர்கள் பெரிய தொகை போட்டது ஷான் மனேயாவை மட்டும் தக்கவைக்க. மற்றபடி ஃபிராங்கி மொன்டாஸ், எங்கள் பழைய க்ளோசர் கிளே ஹோம்ஸை ஸ்டார்ட்டராக (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக) மாற்றும் முயற்சி, கிரிஃபின் கேனிங் என்று சின்னச் சின்ன ஒட்டுப்போடல்கள். மனேயாவும் மொன்டாஸும் சீசனைக் காயத்தோடு தொடங்கினார்கள். ஒட்டு ஒவ்வொன்றாகக் கழன்றது.

செப்டம்பர் 28, கடைசி நாள், மயாமி. ஜெயித்திருந்தால் உள்ளே, ஏனென்றால் சின்சினாட்டியும் அன்று தோற்றது. ஐந்தாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள். பீட் அலோன்சோ அடித்த பந்து துப்பாக்கிக் குண்டு மாதிரி போய் இடப்புற வீரரின் கையுறைக்குள் விழுந்தது. 4-0 தோல்வி. அன்று மைத்துனருக்கு நான் போன் செய்யவில்லை. செய்திருந்தால் என்ன பேசியிருப்பேன்?

ஒரு ஆட்டத்தில் சோட்டோ நாலு, ஐந்து தடவை மட்டை பிடிப்பார். மீதி முப்பத்துச் சொச்சம் தடவை வேறு யாரோ. பந்தைப் போடுவது முழுக்க வேறு யாரோ. கிரிக்கெட்டில் ஒருவர் நின்றுவிட்டால் நாள் முழுக்க ஆடலாம், இங்கே முடியாது. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தன் முறை வரும்வரை பெஞ்சில்தான் உட்கார வேண்டும்.

என் கருத்தை மாற்றியது இந்தப் பட்டியல் ஒப்பீடு கூட இல்லை. நான் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு: சோட்டோ டிசம்பரில் எங்களுக்குச் "சரி" சொல்லியிருந்தால் 2025 எப்படிப் போயிருக்கும்?

மார்ச் மாதம் எங்கள் முதன்மைப் பிட்சர் கெரிட் கோலுக்கு முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை, வருடம் முழுக்கப் போச்சு. 2024-இன் சிறந்த அறிமுக வீரர் லூயிஸ் கில் முதல் நான்கு மாதம் இல்லை. ஜூலையில் கிளார்க் ஷ்மிட்டுக்கும் முழங்கையில் அறுவை சிகிச்சை. இந்த அணியில் ஃப்ரீட் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் 195 இன்னிங்ஸுக்கு மேல் போட்டார், ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குத் தன் பொறுப்பில் தரும் ரன் சராசரி) 2.86, 19 வெற்றி, 5 தோல்வி. லீகில் வேறு யாருக்கும் அத்தனை வெற்றி இல்லை. கார்லோஸ் ரோடான் 18 வெற்றியோடு பக்கத்தில் நின்றார். அந்த இருவரில் ஒருவரை எடுத்துவிட்டால் கடைசி வாரம் நாங்களும் மயாமி கதைதான். சோட்டோவுக்கு 76 கோடி கொடுத்த கையோடு ஃப்ரீடுக்கு 21.8 கோடி கொடுத்திருப்பார்களா? வரிக் கணக்கைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை இல்லை.

இதில் யாங்கீஸ் பொது மேலாளர் பிரையன் கேஷ்மேனை மட்டும் தூக்கி வைத்துப் பேசவும் எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் விரும்பியது சோட்டோவைத்தான். கிடைக்காததால்தான் இந்த வழி. ஆனால் கிடைக்கவில்லையே என்று உட்கார்ந்து அழாமல், எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்து நேராகப் பிட்சரிடம் போனார்களே, அதற்கு மரியாதை உண்டு.

இன்னொரு ஓட்டை எங்கே இருந்தது என்பது 2024 அக்டோபர் 30 அன்று எல்லோருக்கும் தெரிந்தது. உலகத் தொடர் ஐந்தாவது ஆட்டம், டாட்ஜர்ஸுக்கு எதிராக 5-0 முன்னிலை, ஐந்தாவது இன்னிங்ஸ். ஜட்ஜ் சாதாரண கேட்சை விட்டார். வோல்பி மூன்றாவது பேஸுக்கு எறிந்த பந்து தரையில் குத்தியது. டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ் மெதுவாக உருட்டிய பந்தை முதல் பேஸ்மேன் எடுத்துவிட்டார், ஆனால் பேஸுக்கு ஓட வேண்டிய கோல் ஓடவில்லை, கையைக் காட்டிவிட்டு நின்றார். ஐந்து ரன்னும் போய் 5-5. முடிவில் 7-6 தோல்வி, தொடர் முடிந்தது. சோட்டோ அன்றும் ரைட் ஃபீல்டில் நின்றார். மட்டை எங்களைக் கைவிடவில்லை, கைதான் கைவிட்டது. முதல் பேஸில் நான்கு கோல்ட் க்ளோவ் (சிறந்த ஃபீல்டிங் விருது) வாங்கிய கோல்ட்ஷ்மிட்டும், அவுட்ஃபீல்டில் எந்த மூலையில் நிறுத்தினாலும் பந்தைப் பிடிக்கும் பெலிஞ்சரும் வந்தபோது, அந்த இன்னிங்ஸை யாரோ அங்கே மறுபடி மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இந்த வழியிலும் விழுந்த இடங்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. வில்லியம்ஸ் ட்ரேட் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மில்வாக்கியில் முந்தைய வருடம் ஈஆர்ஏ 1.25, எங்களிடம் 4.79. ஏப்ரல் முடிவதற்குள் க்ளோசர் வேலை கையை விட்டுப் போனது. அவருக்காகக் கொடுத்த டர்பின் மில்வாக்கியின் மூன்றாவது பேஸைப் பிடித்துக்கொண்டு, நேஷனல் லீகின் சிறந்த அறிமுக வீரர் வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்தார். நாங்களோ ஜூலை வரை மூன்றாவது பேஸுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தோம். நாலு பேரை வாங்குவதில் இருக்கும் ஆபத்து இதுதான்: நாலு முடிவு எடுக்க வேண்டும், நாலும் சரியாக வராது.

அப்புறம் அக்டோபர். பாஸ்டனுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஃப்ரீட் ஆறு இன்னிங்ஸுக்கு மேல் ஒரு ரன்னும் தரவில்லை, அவர் இறங்கியதும் புல்பென் (அடுத்து வரும் மாற்றுப் பிட்சர்கள்) கோட்டை விட்டது. தொடரை ஜெயித்தோம். டொராண்டோவில் இரண்டாவது ஆட்டத்தில் அதே ஃப்ரீட் நான்காவது இன்னிங்ஸைக்கூட முடிக்காமல் ஏழு ரன் கொடுத்து வெளியேறினார். 13-7. நாலு ஆட்டத்தில் கதை முடிந்தது. பிட்சர் என்றால் இப்படித்தான், ஒரு நாள் மலை, மறுநாள் மணல். சோட்டோ அடிக்காத நாளிலும் இரண்டு தடவை நடந்து பேஸுக்குப் போய்விடுவார். 2025 மே 16 அன்று யாங்கீ ஸ்டேடியத்துக்கு எதிரணியாக வந்தபோது அதைத்தான் செய்தார். வலப்புற கேலரியில் எங்கள் ஆட்கள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள், மைதானமே கூச்சலிட்டது. அவர் ஹெல்மெட்டைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டு, மூன்று தடவை வாக் வாங்கினார். நானும் கூச்சலிட்டேன். இன்று யோசித்தால் கைதட்டியிருக்கலாம். அந்தத் தொடரின் ஞாயிறன்று எட்டாவது இன்னிங்ஸில் பெலிஞ்சர் கிராண்ட் ஸ்லாம் (நாலு ரன் தரும் ஹோம் ரன்) அடித்தபோது மைத்துனர் எனக்கு அனுப்பியது ஒரே ஒரு வார்த்தை: "ஒத்துக்கறேன்."

இனி என்ன? பிரித்துச் செலவழிக்கும் வழியில் கடை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். ஒரே வருடத்தில் பெலிஞ்சர் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்தார். 2026 ஜனவரியில் அவரைத் திரும்ப எடுக்க 5 ஆண்டு, 16.25 கோடி ஆனது. கிரிஷமை வைத்துக்கொள்ள ஒரு வருடத்துக்கு 2.2 கோடி. ஆனாலும் ஃப்ரீட், பெலிஞ்சர் இருவரின் நீண்ட ஒப்பந்தங்களையும் சேர்த்தால் 38 கோடி. சோட்டோவின் தொகையில் பாதி.

மெட்ஸுக்கு வேறு ஒரு தேதி இருக்கிறது. 2029 சீசன் முடிந்ததும் சோட்டோ வெளியேறலாம். அதைத் தடுக்க வேண்டுமென்றால் மீதி பத்து வருடத்துக்கும் வருடம் 40 லட்சம் டாலர் கூட்டிக் கொடுக்க வேண்டும், மொத்தம் 80.5 கோடி ஆகிவிடும். அப்போது அவருக்கு 31. எங்கள் ஜட்ஜுக்கு 37, ஃப்ரீடுக்கு 35. அந்த வருடம் என்னைக் கேட்டால் நான் மைத்துனர் பக்கம் போய்விடவும் கூடும், அதைச் சொல்லிவிடுகிறேன். ஜட்ஜின் உச்சம் இப்போது. இந்த நாலைந்து வருடத்துக்குள் ஒரு கோப்பை வேண்டும். அந்தக் கணக்கில் 2024 டிசம்பரில் எங்களுக்குத் தேவைப்பட்டது ஃப்ரீட்தான். அதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை.

2025 டிசம்பர் முதல் வாரம் மறுபடி செய்தி வந்தது. டெவின் வில்லியம்ஸ் மெட்ஸுக்கு, 3 ஆண்டு, 5.1 கோடி. சோட்டோவின் ஒரு வருடச் சம்பளம். "மாமா, இவரை நம்பலாமா?" என்று மைத்துனர் கேட்டிருந்தார். நம்பலாம் என்றுதான் எழுதினேன். எங்களிடம் அடி வாங்கிய வருடத்திலும் 62 இன்னிங்ஸில் 90 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தவர். சேஞ்ச்அப் என்ற அந்த ஏமாற்று மெதுபந்து இன்னும் கையில் இருக்கிறது. "ஏப்ரல்ல ரெண்டு ஆட்டம் சொதப்பினா உடனே கத்தாதீங்க. நாங்க கத்தினோம்."